மெட்டேறி வருகிற குடும்பங்களுக்கு: ஏலமலையில் ஓராண்டுத் தன்னார்வப் பணி

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மெட்டு என்றால் மலையைக் கடக்கிற கணவாய். சாவடியைத் தாண்டினால் கேரளம், இடுக்கி மாவட்டம். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, குமுளி என்று போகிற மலை முழுக்க ஏலத்தோட்டம். விடிகாலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் ஏறி வந்து, காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிற நம் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்திலேயே தங்கி வேலை பார்க்க இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். தனியாளாக வருகிறவர்களைவிடக் கைக்குழந்தையோடு குடும்பமாக வருகிறவர்களுக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளாக ஓராண்டு தங்கி வேலை செய்ய நினைக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஏன் ஓராண்டு? ஜூனில் மழை இறங்குகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, காய் எடுப்பும் அதையொட்டியே தொடங்குகிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் காய் ஓய்ந்து ஊருக்குத் திரும்புகிற பேச்சு வருகிறது. இந்தச் சுற்று முழுவதையும் பார்க்காதவர் யாருக்கும் உருப்படியாக உதவ முடியாது. இரண்டு வாரத்துக்கு வருகிறவர்கள் கம்பளி கொடுப்பார்கள், முகாம் நடத்துவார்கள், போய்விடுவார்கள். கம்பளி தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகுதான் ரேஷன் கடையில் கைரேகை விழாது, பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்பார்கள், கணக்கில் முன்பணம் கூடுதலாகப் பிடிக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்த குடும்பத்துக்கு முதல் நாளில் உதவ, வேலையை மேற்பார்க்கிற கங்காணி இருக்கிறார், பக்கத்து லயத்துக்காரர்கள் (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்கிறார்கள். நாலாவது வாரத்தில்தான் யாரும் இருப்பதில்லை. நீண்ட காலத் தன்னார்வலரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. 1877இல் பிரிட்டிஷ்காரரான ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்ற பிறகு, தோட்ட வேலைக்குக் கங்காணிகள் அழைத்து வந்தது நம்மவர்களைத்தான். 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். ஆகவே லயத்துப் பேச்சு இன்றும் பெரும்பாலும் தமிழ். வடக்கிலிருந்து வருகிறவர் வேலைக்காட்டில் முதலில் பழகுவதும் தமிழைத்தான். அலுவலகத்துக்குப் போனால் மலையாளம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். இருந்தாலும் மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பேசத் தெரிந்தால் பஸ்ஸில் போய்வரலாம். அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்க எழுத்து தெரிந்தாக வேண்டும்.

இந்தி ஓரளவு போதும். ஜார்க்கண்ட்காரர்கள் பலர் தங்களுக்குள் சாத்ரி பேசுவார்கள், முண்டாரியோ சந்தாலியோ பேசுகிறவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிற கோண்டு மக்களில் வயதான பெண்களுக்கு இந்தியே இரண்டாம் பேச்சாக இருக்கலாம். அவர்கள் தலையை ஆட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: "மாத்திரை எத்தனை, எப்போது?" பதில் வராவிட்டால் இன்னொரு முறை.

ஒரு நாள் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பேர் போடும் நேரத்தில், அதாவது அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டத்துக்குப் போகக் கூடாது. எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், கங்காணிக்கும் எரிச்சல் வரும். பத்து மணிக்கு மேல் அலுவலக வேலை: பஞ்சாயத்து, அக்ஷயா மையம் (கேரளத்தின் இ-சேவை மையம்), குடும்ப ஆரோக்கிய மையம், பள்ளிக்கூடம். லயத்துக்குப் போக ஏற்ற நேரம் சாயங்காலம், வேலை விட்டுக் கைகால் கழுவி அடுப்பு பற்றவைத்த பிறகு. யானை நடமாட்டம் உள்ள சின்னக்கானல், பூப்பாறை பக்கம் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் அங்கே ஒரு சாயங்காலத்துக்கு ஒரு லயத்துக்கு மேல் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு ஓடியாடுகிற நாள், ஏனென்றால் அன்றுதான் அவர்களுக்கு ஓய்வு, சந்தையும் அன்றுதான். உங்கள் ஓய்வை வாரத்தின் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் ஓடினால் மூன்றாம் மாதம் உடம்பு விழுந்துவிடும்.

முதல் தடவை போகும்போது நேரே குடும்பத்திடம் போகாதீர்கள். தோட்டத்துக்குள் நுழைய முதலாளிக்கோ மேனேஜருக்கோ தெரிந்திருக்க வேண்டும். கங்காணிக்குச் சொல்லாமல் போனால் மறுநாள் அந்தக் குடும்பத்துக்குத்தான் கேள்வி வரும். "அண்ணே, புதுசா வந்திருக்காங்களாமே, பிள்ளைக்கு அங்கன்வாடியில பேர் கொடுக்கணும், பார்த்துட்டுப் போயிடுறேன்" என்று காரியத்தைச் சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர் குறைவு. உள்ளே போனதும் நோட்டை எடுக்காதீர்கள். எழுதுகிற ஆளைப் பார்த்தால் அதிகாரி என்று நினைத்துப் பாதியை மறைப்பார்கள்.

கேட்பதைவிடப் பார்ப்பதில்தான் நிறையத் தெரியும். தண்ணீர் எதில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஏலத்துக்குப் பூச்சிமருந்து வந்த பிளாஸ்டிக் கேன் உறுதியாக இருக்கும், மூடியும் இறுக்கமாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் அதைக் கழுவிக் குடிதண்ணீருக்கு வைத்துக்கொள்வார்கள். எத்தனை முறை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. அதை எடுத்துவிட்டு வெறும் கையோடு வந்துவிடாதீர்கள். பதிலுக்கு மூடியுள்ள ஒரு குடத்தைக் கொடுத்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு கேன் வந்திருக்கும்.

இரண்டாவது குளிர். மூணாறு பக்கம் ஜனவரியில் புல்மேட்டில் உறைபனி விழும். ஏலமலையில் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், மழையில் நனைந்த துணியோடு சிமென்ட் தரையில் படுக்கிற குழந்தைக்கு அதுவே அதிகம். மேலே இரண்டாவது கம்பளி போடுவதைவிடக் கீழே விரிப்பதுதான் குளிரைத் தாங்கும். கடையில் கிடைக்கிற அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு அடுக்காகப் போட்டு, மேலே தார்ப்பாய், அதற்கு மேல் பாய். செலவே இல்லை. குளிர் தாங்காமல் சிலர் இரும்புச் சட்டியில் அடுப்புக் கரியை அள்ளி வந்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி, சாக்கால் இடுக்கை அடைத்துவிட்டுப் படுப்பார்கள். இதை முதல் நாளே தடுக்க வேண்டும். கரி அணையும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புகை இல்லையே என்ற தைரியத்தில் தூங்குகிறவர் விழிப்பதில்லை. காலையில் தலைவலி, குமட்டல் என்று வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சொன்னால் அது காய்ச்சல் அல்ல, இந்த வாயுதான் என்று சந்தேகப்பட்டு உடனே வெளியே காற்றாட உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

யானைப் பகுதியில் இன்னொன்றும் உண்டு: அரிசி மூட்டையைச் சுவர் ஓரமாகவோ சமையல் கட்டிலோ குவித்து வைக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்தது அரிசிக்காகத்தான். சிறிது சிறிதாக வாங்கி, இறுக்கமாக மூடிய டின்னில் வையுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

இனி காகிதங்கள். இதில்தான் உங்கள் ஆண்டின் பாதி போகும். வரிசை முக்கியம். முதலில் ஆதார், அதிலும் முதலில் பார்க்க வேண்டியது அதில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்பது. பலருக்கு ஊரில் இருக்கும் அண்ணன் நம்பரோ, எப்போதோ தொலைந்த சிம்மோ இருக்கும். ஓ.டி.பி. வராவிட்டால் அடுத்த எந்த வேலையும் நகராது. நம்பரை மாற்ற நிச்சயமான வழி இதுதான். ஆதார் மையத்துக்கு ஆள் நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும், அதாவது ஒரு நாள் கூலி போகும். அதனால் ஒரே நாளில் மூன்று வேலை சேர்த்து முடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள்: பெரியவர்களுக்கு போன் நம்பர், 5 வயது கடந்த பிள்ளைக்குக் கைரேகை, கருவிழிப் பதிவு, கைக்குழந்தைக்குப் புது ஆதார். 5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் ரேகை இருக்காது. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்பது ஊரில் யாரும் சொல்லாத விஷயம். புது சிம்மை ஏஜென்ட் பெயரில் வாங்கவிடாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டு நம்பரை நிறுத்திவிட்டால் வங்கி, ரேஷன் எல்லாம் சேர்ந்து நிற்கும்.

அடுத்தது அதிதி போர்ட்டல். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரளத் தொழிலாளர் துறை 2023இல் தொடங்கிய பதிவு இது. தொழிலாளி தானே செய்யலாம், முதலாளியோ ஒப்பந்ததாரரோ செய்யலாம். தானே செய்வது நல்லது, தோட்டம் மாறினாலும் பதிவு செய்த போன் கையில் இருக்கும். அதே தொழிலாளர்களுக்கான ஆவாஸ் இன்ஷூரன்ஸ் 2017இல் வந்தது. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் 25,000 ரூபாய் வரை சிகிச்சை, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஊரிலேயே ஆயுஷ்மான் பாரத் அட்டை எடுத்திருந்தால் அதையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அது மாநிலம் தாண்டியும் செல்லும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எல்லைப் பகுதியில் இது பெரிய விஷயம். கம்பம்மெட்டிலிருந்தோ போடிமெட்டிலிருந்தோ அவசரமென்றால் கோட்டயம் போவதைவிட, மலை இறங்கித் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதுதான் பல நேரம் சீக்கிரம். அங்கே கேரளத் திட்டம் உதவாது, ஆயுஷ்மான் உதவும்.

108க்குக் கூப்பிடுவதிலும் எல்லைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. மெட்டில் நிற்கும்போது போன் எந்த மாநில டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். "கேரளம், இடுக்கி மாவட்டம், இந்தப் பஞ்சாயத்து, இந்த எஸ்டேட்" என்று மாநிலத்தை முதலில் சொல்லிப் பேசினால்தான் வண்டி வேறு பக்கம் கிளம்பாது. இந்த ஒரு வரியை மலையாள ஓசை மாறாமல் இந்தி எழுத்தில் எழுதி, லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ரேஷன். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை 2022 ஜூனில் அசாமும் சேர்ந்ததோடு எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. ஜார்க்கண்ட் அட்டைக்கு இடுக்கியில் அரிசி கிடைக்கும், புது அட்டை எடுக்க வேண்டாம். ஆனால் மூன்று இடத்தில் தடுக்கும். ஒன்று, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற அட்டையாக இருக்க வேண்டும். மாநிலம் தன் செலவில் கொடுக்கிற அட்டை இங்கே ஓடாது. இரண்டு, ஊரில் இருக்கும் மாமியார் மாதத் தொடக்கத்திலேயே எல்லோர் பங்கையும் வாங்கியிருப்பார். இங்கே மெஷினில் பாக்கி இல்லை என்று வரும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஊருக்குப் போன் போட்டு, ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று பிரித்து, இங்கே இருக்கிற மூன்று பேருக்கு 15 கிலோவை விட்டுவைக்கச் சொன்னால் போதும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டையென்றால் தலைக்கணக்கு இல்லை, குடும்பத்துக்கு 35 கிலோ. அதை இரண்டு இடத்திலும் பேசிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கைரேகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை ஏலக்காயைத் தூரிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கிற கையில் கறை ஏறி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கருத்துத் தேய்ந்து போயிருக்கும். மழைக்காலத்தில் விரல் ஊறிச் சுருங்கியும் இருக்கும். வேலை விட்டு நேரே கடைக்குப் போய் அந்த இரண்டு விரலை வைத்தால் மெஷின் எடுக்காது. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டுப் போகச் சொல்லுங்கள். வறண்டு வெடித்த கைக்கு முந்தின இரவே தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், கடைக்குப் போகும்போது எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கிள்ளுவதில் குறைவாக உழைக்கிற மோதிரவிரல், சுண்டுவிரல், இடது கை விரல்கள் நன்றாக விழும். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பொறுமையாகக் கேளுங்கள். "சேட்டா, இடத்தே கை ஒந்நு நோக்காமோ" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் மறுக்கிறவரைப் பார்க்க முடியாது. அதுவும் ஆகாவிட்டால் கருவிழிக் கருவியோ ஓ.டி.பி.யோ வழி, ஓ.டி.பி. என்றதும் மறுபடி அந்த போன் நம்பருக்கே வந்து நிற்போம். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது. மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக விடும்படி கங்காணியிடம் பேசி வாங்கிக் கொடுங்கள். லயத்துக்கு ஒருவர் வீதம் சேர்ந்து போனால் ஜீப் வாடகையும் பங்காகும்.

ஆரோக்கியத்தில் முக்கியமானது ஒன்று: எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தார்கள் என்பதை டாக்டரிடம் மறைக்கவிடாதீர்கள். வெளியூர்க்காரன் என்றால் விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் "இங்கேதான் ரொம்ப நாளாக இருக்கிறேன்" என்பார்கள். ஜார்க்கண்டின் காட்டுக் கிராமங்களில் மலேரியா இன்னும் உண்டு, இடுக்கியில் டாக்டருக்கு அது முதலில் நினைவுக்கு வராது. ஊர்ப் பெயரைச் சொன்னால் அன்றே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வைவாக்ஸ் வகை என்றால் பிரைமாகுவின் 14 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வழக்கம், அதனால் சில மாதம் கழித்து மறுபடி வரும். 14 நாளும் சாயங்காலம் எட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள்தான். நீங்கள் போகாத நாளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

அரிவாள் செல் நோயைப் பற்றி ஏலமலையில் தன்னார்வலர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடம் இது அதிகம். அதனால்தான் ஒன்றிய அரசின் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து சிறு ரத்தக் குழாயை அடைப்பதால் எலும்பு வலி உயிர்போகும். அதைத் தூண்டுவது குளிர், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, கடும் உழைப்பு. மூன்றும் ஏலத்தோட்டத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஊரில் ஓரளவு நன்றாக இருந்த இளைஞன் மழையில் நனைந்து வேலை செய்த மறுநாள் கைகால் வலி என்று சுருண்டு படுப்பான். வெளியே காயம் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. "சோம்பேறிப் பயல்" என்று கங்காணி பேரை வெட்டிவிடுவார். அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டியது: ஊரில் பரிசோதனை செய்து கொடுத்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அண்ணன் தம்பிக்கு இப்படி வலி வந்ததுண்டா, கண் மஞ்சளாகுமா, சிறுவயதில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேளுங்கள். நனைந்த துணியை மாற்றி, கம்பளி சுற்றி, வெந்நீர் நிறையக் குடிக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காய்ச்சலோ நெஞ்சு வலியோ சேர்ந்திருந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் இந்த நோய் இருப்பதால் கேரள சுகாதாரத் துறைக்கு இது புதிதல்ல. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள்தான் வேண்டும். கங்காணியிடமும் பேசி, அவருக்கு ஸ்டோர் வேலையோ காய் பிரிக்கிற வேலையோ மாற்றி வாங்குங்கள். நோயை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, "நனையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பது போதும்.

மருந்தடிப்பு நாட்களில் குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து அடிப்பார்கள். எச்சில் ஊறுவது, வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குவது ஆகியவை விஷம் ஏறியதன் அடையாளம். துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு கிளம்புங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். லேபிள் கையில் இருந்தால் எந்த மாற்று மருந்து என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடித்தவர் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்கக் கூடாது என்பதை வீட்டுப் பெண்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மழையில் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலும் இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வது டாக்டருக்குப் பேருதவி. அட்டைக்கடிக்கு யாரும் பயப்பட வேண்டாம். பிய்த்து இழுக்காமல் உப்போ புகையிலைத் தண்ணீரோ வைத்து விழவைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காசநோய் மருந்து சாப்பிடுகிறவரிடம் அரசின் காசநோய்ப் பதிவான நிக்ஷய் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இருந்தால் ஊரில் தொடங்கிய சிகிச்சையை இங்கே விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்க முடியாது; வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தலைமையாசிரியரிடம் சட்டப் பிரிவைக் காட்டிப் பேச ஆரம்பிக்காதீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பெற்றோரில் ஒருவரோடு அழைத்துப் போனாலே பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். கடினமான கேள்வி, தமிழ் வழியா மலையாள வழியா என்பது. பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளி இருந்தால், காய் எடுப்புக்கு மட்டும் வந்து போகிற குடும்பத்துப் பிள்ளையை அங்கே சேர்ப்பதுதான் சரி என்பது என் கருத்து. லயத்தில் கூட விளையாடுகிறவர்கள் தமிழ் பேசுவதால் நான்கு மாதத்தில் வாய் திறந்துவிடும். இங்கேயே பல ஆண்டு இருக்கப்போகிறவர்களுக்கு மலையாளம். பெரியவர்களும் கற்க விரும்பினால் மாநில எழுத்தறிவு மிஷனின் சங்ஙாதி திட்டத்தில் 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூல் இருக்கிறது. தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதா பார்த்து, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் அழைத்துப் போங்கள். முதலிலிருந்து எல்லாம் போட வேண்டுமோ என்று தாய்மார் பயப்படுவார்கள். எது போட்டது, எது பாக்கி என்று நர்ஸ் கணக்குப் பார்த்துத் தொடர்வார்.

கூலி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, வேலை, எடுத்த காயின் கிலோ, வாங்கிய முன்பணம், அன்று கையெழுத்துப் போட்டவர் பேர். எழுதத் தெரியாவிட்டால் கோடு போடட்டும், பிள்ளை எழுதட்டும். வாரம் ஒருமுறை கங்காணி கணக்கோடு ஒப்பிட்டால் பத்து ரூபாய் வித்தியாசத்திலேயே பேசி முடிக்கலாம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும், யாருக்கும் நினைவும் இருக்காது. முன்பணக் கடனைச் சொல்லி ஊருக்குப் போகவிடாமல் நிறுத்தினால் அது வேறு விஷயம்: 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. நீங்கள் தனியாக மோதாமல் தொழிலாளர் அலுவலரிடமும், 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181.

உங்களைப் பற்றி. அடுத்தவர் ஆதாரையோ ஏ.டி.எம். கார்டையோ ஒரு இரவுகூடக் கையில் வைத்திருக்காதீர்கள். படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுப்பது வேகமாகத் தெரியும், ஆனால் அடுத்த முறையும் உங்களைத்தான் தேடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே செய்யவையுங்கள், இரண்டாவது முறை வாசலில் நின்றுகொள்ளுங்கள், மூன்றாவது முறை போகவே வேண்டாம். கடன் கொடுக்காதீர்கள், அவசரத்துக்குக் கொடுத்தால் திரும்ப வராது என்று நினைத்தே கொடுங்கள், கணக்கு வைக்காதீர்கள். ஆள் பிடித்துக் கொடுக்கச் சொல்லி முதலாளிமார் கேட்பார்கள், நல்ல முதலாளிகளும் கேட்பார்கள். ஒரு முறை செய்தால் நீங்களும் ஏஜென்ட்தான். போட்டோ எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், பிள்ளைகள் முகத்தை இணையத்தில் போடாதீர்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் குமுளி எல்லை கொதித்ததுபோன்ற நேரத்தில், மாநிலச் சண்டையில் வாய் கொடுக்காமல் லயத்தில் இருக்கிறவர்களுக்கு எந்த ரோடு திறந்திருக்கிறது என்று சொல்வது மட்டுமே உங்கள் வேலை.

ஐரோப்பாவில் ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற திட்டத்தில் 12 மாதம்வரை வெளிநாட்டில் தங்கிச் சேவை செய்கிறவர்களுக்கு, வேலையை மேற்பார்வை பார்ப்பவர் தவிர மனம்விட்டுப் பேச ஒரு வழிகாட்டியும் இருப்பார். அந்த ஏற்பாட்டை நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்களை அனுப்பிய ஆளிடம் சொல்ல முடியாததைச் சொல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியரோ ஊர் நர்ஸோ ஒருவரை முதல் மாதத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பிப் போகிறவர்கள். காய் ஓய்வதற்கு இரண்டு மாதம் முன்பே கேட்க ஆரம்பியுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. முதல் நாளே போட்டால் இடம் கிடைக்கும், விட்டால் கைக்குழந்தையோடு பொதுப் பெட்டியில் இரண்டு நாள். டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். பள்ளியில் டி.சி. எழுதிக் கேட்டுக் கையில் வாங்குங்கள், தடுப்பூசி அட்டையில் கடைசித் தேதி ஏறியிருக்கிறதா பாருங்கள், நிக்ஷய் சிகிச்சையில் இருப்பவருக்கு வழிக்கும் ஊர் போய் முதல் வாரத்துக்குமான மாத்திரை கேட்டு வாங்குங்கள். மலைமேல் பிரசவம் நடந்திருந்தால் பிறப்புப் பதிவு இங்கேயே முடிய வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. க.விலக்கில் பிறந்த பிள்ளைக்குச் சான்று தமிழ்நாட்டில், இடுக்கியில் பிறந்த பிள்ளைக்குக் கேரளத்தில். அது இல்லாமல் ரயிலேறினால் ராஞ்சியிலிருந்து யாரும் திரும்பி வந்து வாங்கப்போவதில்லை. கூலிக் கணக்கு முடிந்து பணம் வங்கியில் ஏறிய மெசேஜைக் கண்ணால் பார்த்த பிறகு மூட்டை கட்டச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு வருகிற தன்னார்வலருக்கு, அந்தக் குடும்பம் அனுமதித்தால் மட்டும், ஊர்ப் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்துவிட்டு இறங்குங்கள்.